கோட்டையூர் தந்த இதழாசிரியர்: ஏ.கே. செட்டியாரும் அச்சில் வாழும் வரலாறும்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் 'வரலாறு என்றால் என்ன?' என்ற கேள்வியோடு தொடங்குகிறது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்று சான்றுகளைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். பழைய செய்தித்தாளும் மாத இதழும் சான்றுகள்தாம் என்று சொல்லப் பல நேரம் பாடவேளை போதுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்நாட்டைக் கல்வெட்டில் தேட முடியாது. அன்றைய ரயில் பயணம், சந்தை விலை, மேடைப் பேச்சு, பஞ்சம், பள்ளிக்கூடம் எல்லாம் அச்சில்தான் கிடக்கின்றன. அச்சோ காகிதம். காகிதம் மக்கும், கரையான் அரிக்கும், எடைக்குப் போகும்.

அப்படிப் போகவிருந்தவற்றைத் தேடி எடுத்து மீண்டும் அச்சேற்றியவர்களில் ஒருவர், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார். அண்ணாமலை கருப்பன் செட்டியார் என்பது முழுப் பெயர். 1911 நவம்பரில் பிறந்து, 1983 செப்டம்பர் 10-இல் மறைந்தார். பயண நூலாசிரியர் என்றும், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் என்றும் அவரை அறிவோம். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய நூலின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகவும் நிலைத்துவிட்டது. (எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது 1973-இல். செட்டியாரின் நூல் 1940-இலேயே வந்துவிட்டது.) அவர் ஓர் இதழாசிரியர் என்பதும், அந்த இதழின் வழியாகவே தமிழ்நாட்டின் வரலாற்றுக்கு அவர் பெரிய தொண்டு செய்தார் என்பதும் பள்ளி வட்டாரத்தில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

செட்டிநாடு என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது பெரிய வீடுகளும் சாப்பாடும்தான். அந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்தது. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர் அடுத்தாளாகி, மேலாளாகி, தவணை முடிந்து ஊர் திரும்புவார். இடைப்பட்ட காலத்தில் ஊரையும் அவரையும் இணைத்தவை கடிதங்களும் இதழ்களும். 1920-களில் காரைக்குடியிலிருந்தே இதழ்கள் வந்துகொண்டிருந்தன. ராய. சொக்கலிங்கன் 'ஊழியன்' நடத்தினார், சொ. முருகப்பா 'குமரன்' நடத்தினார். விதவை மறுமணமும் தேசியமும் தமிழிசையும் தெருத் திண்ணையில் விவாதிக்கப்பட்டதற்கு இத்தகைய இதழ்கள் ஒரு முக்கியமான காரணம். வணிகம் செய்யும் ஊரில் இதழியல் எப்படி வேர்விட்டது என்று யாரேனும் கேட்டால் இதையே விடையாகச் சொல்லலாம்: கடல் கடந்து போனவர்களுக்குச் செய்தி தேவைப்பட்டது.

இளைஞர் செட்டியார் திருவண்ணாமலையில் பள்ளிப் படிப்பை முடித்தார். ரங்கூனுக்குப் போய், நகரத்தார் சார்பில் அங்கிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியரானார். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்க வயது. பிறகு புகைப்படக் கலை கற்க டோக்கியோவுக்கும், அதன்பின் நியூயார்க்குக்கும் சென்றார். வட்டித் தொழிலுக்காகக் கப்பலேறிய ஒரு சமூகத்திலிருந்து ஒருவர் கேமராவுக்காகக் கப்பலேறியது அன்று வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

1937 அக்டோபர் 2 அன்று அவர் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தார். அது காந்தி பிறந்தநாள். காந்தியின் வாழ்வைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில்தான் தோன்றியது. அவருக்கு வயது 25. கையில் பெரும் பணமில்லை, பின்னால் நிறுவனமில்லை, காந்திக்கோ சினிமாவில் ஆர்வமே கிடையாது.

இந்தப் படம் எடுக்கப்பட்ட முறையை வகுப்பறையில் சற்று விரிவாகச் சொல்வது பயன்தரும் என்று நினைக்கிறேன். காந்தியை நிற்கவைத்து, நடக்கவைத்துப் படமெடுப்பது செட்டியாரின் நோக்கமல்ல. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், பல நாடுகளில், நூறு ஒளிப்பதிவாளர்கள் வெவ்வேறு தேவைக்காக எடுத்துவைத்த துண்டுப் படங்கள் செய்திப்படக் கம்பெனிகளிடமும் தனியாரிடமும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, உரியவர்களிடம் பேசி வாங்கி, ஒன்றுசேர்ப்பதே அவருடைய வேலை. அதற்காக மூன்று ஆண்டுகள் அலைந்தார். பயணத் தூரம் ஒரு லட்சம் மைல். சேர்ந்த படச்சுருள் 50,000 அடி. அதில் தேர்ந்தெடுத்துத் தொகுத்தது 12,000 அடி. 1940 ஆகஸ்ட் 23-இல் தமிழ் விளக்கவுரையோடு படம் வெளியானது. தெலுங்கிலும் வந்தது. டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருக்கிறார்.

கணக்கு ஆசிரியர்கள் இந்த எண்களை விட்டுவிடக்கூடாது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். பேசும்படம் நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் ஓடும். ஆகவே நிமிடத்துக்கு 90 அடி. 12,000 அடி என்றால் சுமார் 2 மணி 13 நிமிடம். 50,000 அடியையும் அதே வேகத்தில் ஓட்டினால் 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு லட்சம் மைல் என்பது ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். எத்தனை முறை உலகைச் சுற்றியிருப்பார் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. சேர்த்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே படத்தில் இடம்பெற்றது. எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது இதழாசிரியரின் அன்றாட வேலை. வரலாறு எழுதுபவருக்கும் அதே வேலைதான். விட்டதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தால்தான் அடுத்து வருபவர் வேறொரு கதை சொல்ல முடியும்.

படம் வெளியானபோது போர் நடந்துகொண்டிருந்தது; ஆட்சி ஆங்கிலேயருடையது. காந்தி படத்தைத் தொடர்ந்து காட்டுவது எளிதாக இல்லை. 1947-இல் இந்தி விளக்கவுரையோடு தில்லியில் திரையிடப்பட்டது. 1953-இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்று உருவானது. அதன்பின் படம் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியதில் ஆங்கில வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 1940-இல் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் மக்கள் பார்த்த வடிவம் இன்று நம் கையில் இல்லை. ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்தது, உள்ளூரில் காக்கப்படாமல் கைநழுவியது.

படம் எடுத்த கதையோ கிடைக்கிறது. அதற்குக் காரணம் 'குமரி மலர்'.

1942-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவிலிருந்த தமிழர்களில் ஏராளமானோர் சொத்தையும் கணக்கையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1943-இல், செட்டியார் சென்னையில் 'குமரி மலர்' இதழைத் தொடங்கினார். தாளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த நேரம் அது. தொடங்கிய இதழைத் தம் இறுதிக்காலம்வரை, நாற்பது ஆண்டுகள், அவரே ஆசிரியராக இருந்து நடத்தினார்.

இன்று 'குமரி மலர்' இதழைப் புரட்டும் ஒருவருக்கு முதலில் ஏமாற்றம்கூட ஏற்படலாம். பளபளப்பான அட்டை கிடையாது. பரபரப்பான தலையங்கம் கிடையாது. ஆசிரியர் தம்மைப் பற்றிப் பேசுவதே அரிது. இருப்பதெல்லாம் பழைய எழுத்துகள். ஐம்பது, அறுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் இதழில் வந்து மறக்கப்பட்ட கட்டுரைகளை அவர் தேடி எடுத்து மறுவெளியீடு செய்தார். பாரதியின் தொகுக்கப்படாத எழுத்துகள் பல அப்படித்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. பாரதி ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் 'குமரி மலர்' என்று எழுதுவது இதனால்தான். காந்தி படத்துக்காக அலைந்த அனுபவங்களையும் அவர் இதே இதழில் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் திரட்டி, வேங்கடாசலபதி 2003-இல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் நூலாகக் கொண்டுவந்தார். இதழின் பிரதிகள் பல வீடுகளிலும் நூலகங்களிலும் பரவிக் கிடந்தன. அதனால் எழுத்து தப்பியது.

இந்தத் தேடலின் இன்னொரு விளைவு, 1968-இல் அவர் வெளியிட்ட 'தமிழ்நாடு: பயணக் கட்டுரைகள்' என்ற தொகுப்பு. பழைய இதழ்களில் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளை ஊர்வாரியாகத் திரட்டித் தந்திருக்கிறார். மாட்டுவண்டியில் போனவர், புதிதாக வந்த ரயிலில் ஏறியவர், கோயிலுக்குப் போனவர், அருவியில் குளிக்கப் போனவர் எனப் பலரும் இதில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் இன்று யாரும் அறியாதவர்கள். எழுதியபோது வரலாறு எழுதுகிறோம் என்று அவர்கள் நினைத்திருக்கவும் மாட்டார்கள். வண்டிச் சத்தம் எவ்வளவு, சத்திரத்தில் என்ன சாப்பாடு, யாருக்கு எங்கே இடம் கொடுத்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் அப்படிப்பட்ட எழுத்திலிருந்துதான் அறிய முடிகிறது. அரசு ஆவணத்தில் இவை இருக்காது. அரசர் வரலாற்றில் நிச்சயம் இருக்காது. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ தமிழ்ப் பாடத்தில் பயண இலக்கியம் பற்றிப் பேச நேர்ந்தால், இத்தொகுப்பிலிருந்து தம் ஊருக்கு அருகிலுள்ள ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையை வாசித்துக் காட்டலாம். எந்தப் பிள்ளைக்கும் தன் ஊர்ப் பெயரை அச்சில் கேட்டால் காது நிமிரும்.

தொகுப்பாளராகச் செட்டியாரிடம் கற்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பழையதை எடுத்துப் போடுவது எளிது. அதை யார் எழுதினார், எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்று சேர்த்துச் சொல்வதுதான் உழைப்பு. கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் 'அரிய புகைப்படங்களை' எண்ணிப் பாருங்கள். எடுத்தவர் பெயரில்லை, ஆண்டில்லை, இடமில்லை. யாரோ எழுதிய வரி பாரதி பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் சுற்றுகிறது. அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும் முன், 'இது எங்கிருந்து எடுத்தது?' என்று மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். செட்டியாரின் வேலைமுறை வகுப்பறைக்குள் வந்துவிடும்.

இதழாசிரியரே வரலாற்றாளராகவும் ஆவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. அமெரிக்காவில் ஐசையா தாமஸ் (1749–1831) என்றொருவர் இருந்தார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஆறு வயதிலேயே அச்சகத்தில் வேலை கற்கச் சேர்க்கப்பட்டவர். சரியாகப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டவர். 1770-இல் பாஸ்டனில் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' என்ற செய்தித்தாளைத் தொடங்கி ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுதினார். 1775-இல் போர் மூளும் தறுவாயில் அச்சுப்பொறியை ஊரைவிட்டுக் கடத்திக்கொண்டு போய் வூஸ்டர் என்ற ஊரில் நிறுத்தினார். வயதான பிறகு 1810-இல் அமெரிக்க அச்சுத்தொழிலின் வரலாற்றை எழுதினார். அதை எழுதுவதற்காகப் பழைய செய்தித்தாள்களைத் தேடியபோது அவை எவ்வளவு விரைவாக அழிகின்றன என்று அவருக்குப் புரிந்தது. 1812-இல் அதற்கென்றே ஒரு சங்கத்தை நிறுவித் தம் சேமிப்பைக் கொடுத்தார். அந்த அமெரிக்கத் தொல்பொருள் சங்கத்தின் நூலகம் இன்றும் வூஸ்டரில் இயங்குகிறது. தாமஸ் ஒரு நிறுவனத்தை விட்டுச் சென்றார். செட்டியாருக்கு அப்படியொன்று அமையவில்லை. அவர் விட்டுச் சென்றது இதழ்களைத்தான்.

நிறுவனமாக நிலைத்த ஒரு சேமிப்பும் அதே கோட்டையூரிலிருந்து வந்தது என்பது நமக்குப் பெருமை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா (1907–1992) கோட்டையூரில் தம் வீடு நிறையப் பழைய நூல்களைச் சேர்த்தார். நூல்கள் மட்டுமா? பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று பிறர் குப்பை என நினைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேமிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகாமல், சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவ வழிசெய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி ஆய்வு செய்யும் யாரும் அந்த நூலகத்தின் படியேறாமல் இருக்க முடியாது.

இனிப் பள்ளிக்கு வருவோம். செட்டிநாட்டில் பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. கதவும் தூணும் பீங்கானும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விலைக்கு வருகின்றன. மரத்துக்கு விலை உண்டு. அதே வீட்டுப் பரணில் இருந்த பேரேடும், கடிதக் கட்டும், இசைகுடிமானமும், பழைய இதழ்களும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகின்றன. எனவே இப்பகுதிப் பள்ளிகளில் 'பழைய காகிதம் சேகரித்தல்' என்பதை ஒரு செயல்திட்டமாக எடுத்துச் செய்யலாம். சிவகங்கையில் மட்டுமல்ல, எந்த மாவட்டத்திலும் செய்யலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைப் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் திட்டமாக ஆக்கிவிடக்கூடாது. அரசுப் பள்ளியில் படிப்போரில் பலருடைய வீட்டில் பரணே இருக்காது. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார், ஆச்சிமார் வீட்டில் சமைத்தவர், கண்மாய்ப் பாசனத்தில் பயிர் செய்தவர், ஆத்தங்குடிக் கல் அறுத்தவர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பழைய ரேஷன் கார்டு இருக்கும். மொய் நோட்டு இருக்கும். திருவிழா நோட்டீஸ், கூலி எழுதிய சிட்டை, தாத்தா மலேயாவிலிருந்து போட்ட ஒற்றைக் கடிதம் இருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மொய் நோட்டை விரித்தால் அன்றைய உறவு, ஊர், பண மதிப்பு மூன்றும் தெரியும். அது பேரேட்டுக்கு எந்த வகையிலும் குறைந்த சான்றல்ல.

பொருளை வீட்டிலிருந்து வாங்கிப் பள்ளியில் வைத்துக்கொள்ள வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். மூலம் வீட்டில், படம் பள்ளியில் என்று இரண்டு இடத்தில் இருப்பதும் நல்லதே. படத்தோடு ஓர் அட்டை எழுத வேண்டும்: என்ன பொருள், யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊரில் கிடைத்தது, எழுதிக்கொண்டவர் யார், எழுதிய நாள். ஆண்டு தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதட்டும். மாணவர் ஊகித்து எழுத வேண்டியதில்லை. கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சில ஆண்டுகளில் அது பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். குறிப்பு எழுத வேண்டியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதலாம், பேனா கூடாது. லேமினேஷன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுபவர்களையும் தடுக்க வேண்டும்.

கடன் பத்திரம், குடும்ப வழக்கு, சாதிச் சண்டை பற்றிய கடிதம் போன்றவை வந்தால் ஆசிரியர் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது நல்லது. வகுப்பில் விரித்துப் படித்தால் ஒரு பிள்ளையின் வீட்டுக் கதை ஊர்க்கதையாகிவிடும்.

நாற்பது அட்டைகள் சேர்ந்ததும், பத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு கையெழுத்து இதழ் தயாரிக்கச் சொல்லுங்கள். செட்டியார் 50,000 அடியிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய இந்த விகிதம்தான். குழுவுக்குள் வாக்குவாதம் வரும். திருவிழா நோட்டீஸை வைப்பதா, கூலிச் சிட்டையை வைப்பதா என்று சண்டை பிடிப்பார்கள். ஏன் இதை வைத்தோம், ஏன் அதை விட்டோம் என்று அவர்களே நான்கு வரியில் எழுதி இதழின் முதல் பக்கத்தில் சேர்க்கட்டும். மீதி முப்பது அட்டைகளையும் ஒரு கோப்பில் கட்டிப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். இதழுக்கு மூன்று நகல் எடுத்தால் ஒன்று பள்ளிக்கும், ஒன்று ஊர்க் கிளை நூலகத்துக்கும், ஒன்று அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஆகும்.